மியூனிக்கில் ஒரு செமஸ்டர்: ஆறு மாதத்துக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?

வடசேரி_சந்தை

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் பொறியியல், மூன்றாம் ஆண்டு. எக்ஸ்சேஞ்சில் மியூனிக் இடம் உறுதியாகிவிட்டது. அக்டோபர் 2026-ல் தொடங்கும் குளிர்கால செமஸ்டர். ஒப்பந்தப்படி அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. உதவித்தொகையும் கிடையாது. வீட்டில் ஆறு லட்சம் வரை புரட்டலாம் என்கிறார்கள். அது போதுமா? எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்? விசா, தங்குமிடம், பணம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கோட்டாறு_கணக்குப்பிள்ளை

தம்பி, ஆறு லட்சம் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஜெர்மன் மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது முன்கூட்டியே பணம் போட்டுப் பூட்டி வைக்கும் கணக்கில், மாதம் 992 யூரோ வீதம் காட்ட வேண்டும். வருஷத்துக்கு 11,904. உங்களுக்கு ஆறு மாதம் என்றால் 5,952. யூரோவை 105 ரூபாய் என்று வைத்தால் அதுவே 6.25 லட்சம். அது உங்கள் செலவுப் பணம்தான், மாதாமாதம் 992 ஆகக் கையில் வரும். ஆனால் போய் இறங்கிய அன்றே வராது. முகவரி பதிந்து, அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்து, அந்த எண்ணை பிளாக்டு அக்கவுண்ட் கம்பெனிக்குக் கொடுத்த பிறகுதான் முதல் தவணை விழும். இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். வாடகை, அட்வான்ஸ், செமஸ்டர் சந்தா, காப்பீடு எல்லாம் அதற்குள் வந்து நிற்கும். அதற்குத் தனியாக 1,500 யூரோவாவது வேண்டும்.

இப்போது மாதச் செலவு. மாணவர் விடுதி அறை 400, அரசு சார்ந்த மருத்துவக் காப்பீடு 150-ஐ ஒட்டி, மாணவர் பயண டிக்கெட் 40 அளவில், வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் 18.36, போன் 10, சமைத்துச் சாப்பிட்டால் 200. கூட்டினால் 818. 992-க்குள் அடங்கும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அதே ஆள் வெளியே பகிர்ந்த வீட்டில் 800-க்கு அறை எடுத்தால் 1,218. மாதம் 226 யூரோ துண்டு விழும், ஆறு மாதத்தில் 1,356. மியூனிக்கில் பகிர்ந்த வீட்டு அறையின் சராசரி 800-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, ஜெர்மனியிலேயே விலை கூடின ஊர்.

ஆக விடுதி கிடைத்தால் விமான டிக்கெட் போக ஏழே முக்கால் லட்சம். கிடைக்காவிட்டால் ஒன்பதே கால். சாப்பாட்டில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் மாதம் ஐம்பது யூரோதான் தேறும். அறையில் நானூறு தேறும். அதனால் விடுதி விண்ணப்பத்தை முதலில் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பணம் அனுப்பும்போது ஒன்று. வங்கியில் ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்0305, அதாவது வெளிநாட்டுப் படிப்பு. கட்டணம் யார் பொறுப்பு என்று கேட்கும் இடத்தில் 'அவர்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள், ஓ-யு-ஆர். இல்லையென்றால் வழியில் இடைநிலை வங்கி பத்து இருபது யூரோவைப் பிடித்துக்கொள்ளும். 5,952 அனுப்பி 5,934 போய்ச் சேர்ந்தால் கணக்கு நிறையவில்லை என்று உறுதிச் சான்று வராது. மீதி 18 யூரோவை அனுப்ப மறுபடி ஒரு வாரம். 50 யூரோ கூட்டியே அனுப்புங்கள், அது உங்களுக்கே திரும்பும். ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணுக்குப் பத்து லட்சம் வரை டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, கிடையாது. அப்பா பெயரில் வேறு ஏதாவது அந்த வருஷம் வெளிநாட்டுக்குப் போயிருந்தால் அதையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

தக்கலை_அக்கா

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதுக்கு மேல தங்குமிடம் மட்டும் நான் சொல்லுதேன்.

தம்பி, மியூனிக்ல மாணவர் விடுதிகளைப் பெரும்பாலும் ஸ்டுடியரெண்டன்வெர்க் நடத்துது. சாதாரண மாணவருக்குக் காத்திருப்பு பல செமஸ்டர் ஓடும். எக்ஸ்சேஞ்ச் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு, அது பல்கலைக்கழக இன்டர்நேஷனல் ஆபீஸ் வழியா வரும். ஏற்புக் கடிதத்தோட ஒரு இணைப்போ படிவமோ வரும், அதுக்குக் கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதி தாண்டினா அவ்வளவுதான், கெஞ்சினாலும் நடக்காது. மெயில் வந்த அன்னைக்கே நிரப்பிருங்க. ஸ்பேம் பெட்டியையும் தினமும் பாருங்க.

விருப்பம் கேட்டா ஒரே இடத்தை எழுதாதீங்க. ஒலிம்பிக் கிராமம் 1972 ஒலிம்பிக் விளையாட்டுக்குக் கட்டின இடம், அங்க இருக்கிற சின்ன வீடுகளைத்தான் எல்லாரும் கேப்பாங்க. கார்ஹிங், ஃப்ரைஸிங் மாதிரி வெளியூர்ப் பக்கம் எழுதினாலும் நஷ்டமில்ல. மாணவர் டிக்கெட் எல்லா உள்ளூர் ரயிலுக்கும் செல்லும், தூரத்துக்காக ஒரு யூரோ கூடாது. கார்ஹிங்ல இருந்து யு6 ஏறினா அரைமணி நேரத்துல ஊர் நடுவுல மரியன்பிளாட்ஸ். நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டம் பஸ் பிடிக்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு தூரமே இல்ல.

அடுத்தது தேதி. இதுல நிறைய பேர் மாட்டுறாங்க. விடுதி ஒப்பந்தம் அக்டோபர் 1-ல தொடங்கும். செப்டம்பர் கடைசில போய் இறங்கலாம்னு டிக்கெட் போடாதீங்க. 2026-ல அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா செப்டம்பர் 19-ல இருந்து அக்டோபர் 4 வரை. அந்த ரெண்டு வாரமும் ஹாஸ்டல் கட்டில்கூட மூணு மடங்கு விலைக்குப் போகும். சாவி குடுக்கிறவர் ஹவுஸ்மைஸ்டர், அவருக்கு வேலை நேரம் உண்டு, சனி ஞாயிறு கிடையாது. அக்டோபர் 1 வியாழன், 2 வெள்ளி, 3 அவங்க தேசிய விடுமுறை, 4 ஞாயிறு. வெள்ளி மத்தியானம் தாண்டி இறங்கினா திங்கள் வரைக்கும் சாவி இல்ல, ஊர்ல ரூமும் இல்ல. புதன் ராத்திரி கிளம்பி வியாழன் பகல்ல சேருற மாதிரி டிக்கெட் எடுங்க, மெயில்ல சாவி நேரத்தை உறுதி பண்ணிட்டு.

வடசேரி_சந்தை

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணே. விடுதி கிடைக்காவிட்டால் என்று ஒரு குழுவில் பார்த்து வைத்தேன். ஷ்வாபிங் பகுதி, தனி அறை, எல்லாம் சேர்த்து 450 யூரோ. வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறாராம். இரண்டு மாத முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். பாஸ்போர்ட் நகல்கூட அனுப்பினார்.

தக்கலை_அக்கா

அனுப்பாதீங்க மக்கா. இது மோசடியாக்கும். ஷ்வாபிங் ஊர்ல விலை கூடின இடங்கள்ல ஒண்ணு, அங்க 450-க்குத் தனி அறை வராது. வெளிநாட்டுல இருக்கிற வீட்டுக்காரர், கூரியர்ல சாவி, பார்க்கிறதுக்கு முன்னாடி பணம், இந்த மூணும் சேர்ந்து வந்தா மேல பேசவே வேண்டாம். அந்தப் பாஸ்போர்ட் நகல் வேற யாரோ ஏமாந்து அனுப்பினதா இருக்கும். உங்க பாஸ்போர்ட்டையும் அனுப்பிராதீங்க, அடுத்த பிள்ளைக்கு அதைத்தான் காட்டுவாங்க.

வெளியில தேடணும்னா 'ஸ்விஷன்மீட்டே'ன்னு போட்டிருக்கிற விளம்பரத்தைப் பாருங்க. வேற ஊருக்குப் போற மாணவர் தன் அறையைச் சில மாசத்துக்கு உள்வாடகை விடுறது. சாமான் கட்டிலோட இருக்கும், ஆறு மாசத்துக்கு அதுதான் பொருந்தும். வீடியோ கால்ல அறையையும், ஜன்னலுக்கு வெளியேயும், வாசல் மணியில இருக்கிற பெயரையும் காட்டச் சொல்லுங்க. வீட்டு ஓனர் உள்வாடகைக்குச் சம்மதிச்ச எழுத்து வேணும்.

'கால்ட்'னு போட்டிருந்தா வெறும் வாடகை, 'வார்ம்'னா சூடு தண்ணி சேர்த்து. கால்ட் பார்த்து மயங்கினா 100 யூரோ கூட வரும். அட்வான்ஸ் சட்டப்படி மூணு மாசக் கால்ட் வாடகைக்கு மேல கேட்கக் கூடாது, அதையும் மூணு தவணையாக் குடுக்க வாடகைக்காரருக்கு உரிமை உண்டு.

எல்லாத்துக்கும் மேல, 'அன்மெல்டுங் பண்ண முடியுமா'ன்னு கேளுங்க, அந்த முகவரியை அரசு அலுவலகத்துல பதியறதுதான் அது. முடியாதுன்னா அந்த அறை பாதி விலைக்கு வந்தாலும் எடுக்காதீங்க.

குழித்துறை_ஆறு

அந்தக் கடைசி வரியை நான் விரிக்கிறேன், அங்கேதான் மீதி எல்லாம் தொங்குகிறது.

வீட்டுக்குள் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங்' என்ற ஒரு பக்கத் தாள் வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள். பதிவு அலுவலக அப்பாயின்ட்மென்ட்டை ஊரில் இருக்கும்போதே இணையத்தில் பாருங்கள். அக்டோபரில் ஊர் முழுக்கப் புது மாணவர்கள், இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். புது இடங்கள் காலையில் திறக்கும்.

பதிந்த பிறகு வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில் தனித்தனியாக வரும். அங்கே கதவு எண் பார்த்துத் தபால் போடுவதில்லை, பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். குடிபோன அன்றே ஒரு தாளில் பெயர் எழுதி டேப் போட்டு ஒட்டுங்கள்.

பெயர் என்றதும் நம் ஊர்ப் பிரச்சினை ஒன்று. இனிஷியல் வைத்த பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். ஜெர்மன் படிவம் எதுவும் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. ஏற்புக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட், காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து, உள்ள வரிசை, அப்படியே இருக்கட்டும். ஒன்றில் 'எஸ்', ஒன்றில் 'செல்வராஜ்' என்று விரித்தது என்றால் பணம் அனுப்பியவரும் கணக்குக்காரரும் ஒரே ஆள்தானா என்று நிறுத்தி வைப்பார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்ப்பதென்றால் விசாவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

விசா எங்கே என்று அடுத்துக் கேட்பீர்கள். திருவனந்தபுரம் நமக்குப் பக்கம், ஆனால் கேரளம் பெங்களூரு ஜெர்மன் துணைத் தூதரகத்தின் எல்லை. தமிழ்நாட்டு முகவரி என்றால் சென்னைதான். முதலில் இணையத் தளத்தில் ஆவணங்களை ஏற்றி, பிறகு அசலோடும் கைரேகைக்கும் நேரில் போக வேண்டும். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் வாங்குவார்கள். காலை நேரம் கிடைத்தால் முந்தின சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். விமானம் மட்டும் திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் போகலாம், அதற்குத் தடையில்லை.

இரணியல்_தறி

இவ்வளவு பயமுறுத்த வேண்டாமே. வாரம் பத்து மணி நேரம் வேலை பார்த்தாலே வாடகை வந்துவிடும். குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 13.90 யூரோ. வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதியும் இருக்கிறது.

கோட்டாறு_கணக்குப்பிள்ளை

கூலியும் சரி, 140 நாளும் சரி. ஆனால் ஒரே ஒரு செமஸ்டருக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அக்டோபர் நடுவில் பதிவு, வரி எண் தபாலில் வரச் சில வாரம், நவம்பரில் வேலை தேடல், முதல் சம்பளம் டிசம்பர் கடைசி. பிப்ரவரி வந்தால் பரீட்சை. மிஞ்சுவது இரண்டு மாதச் சம்பளம். அதுவும் ஜெர்மன் பேசத் தெரியாவிட்டால் கிடங்கு, சமையலறை என்று ராத்திரி வேலைதான் எளிதில் கிடைக்கும். கிடைத்தால் நல்லது, கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும். வாடகையை அதை நம்பி ஒப்புக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, ஃபாரெக்ஸ் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கடையில் தேய்க்கலாம், ஏடிஎம்மில் எடுக்கலாம். வாடகையையும் காப்பீட்டையும் கட்ட ஐபான் எண் உள்ள ஐரோப்பிய வங்கிக் கணக்குதான் வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டிலிருந்து அப்படிப் பணம் போகாது. முதல் மாத வாடகையை இங்கிருந்தே வங்கி வழியாக அனுப்ப முடிகிறதா என்று விடுதியைக் கேளுங்கள். நம் ஊர் சிம்மைக் கழற்றிவிடாதீர்கள், ரோமிங்கைக் கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள். ஓடிபி அதில்தான் வரும், அங்கே போய்த் திறக்க முடியாமல் தவிக்கிறவர்கள் உண்டு.

குழித்துறை_ஆறு

படிப்புப் பக்கம் யாரும் தொடவில்லை. பணத்தை விட இது பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

ஜெர்மன் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31. வகுப்பு அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, பரீட்சைகள் பிப்ரவரி மார்ச்சில். நம் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை போல் தொடங்கி நவம்பரில் முடியும், அடுத்தது டிசம்பர் ஜனவரியில் தொடங்கிவிடும். அதாவது அவர்களின் ஒரு செமஸ்டர் நம்முடைய இரண்டையும் வெட்டுகிறது. ஐந்தாவதின் கடைசியும் போகும், ஆறாவதின் முதல் பாதியும் போகும். வருகைப் பதிவு 75 சதவீதம் இரண்டிலும் விழும்.

ஆகவே கிளம்பும் முன் எழுத்தில் வாங்க வேண்டியது இது: அங்கே எடுக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட், எந்த செமஸ்டர் கணக்கில். லேர்னிங் அக்ரிமென்ட் என்ற தாளில் துறைத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒப்புதலும் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியிலேயே முடியும். இணைவுக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் வரை போகும், மாதக்கணக்கில் ஆகும்.

அங்கே ஒரு செமஸ்டருக்கு முழுச் சுமை 30 ஈசிடிஎஸ், அதாவது ஐரோப்பிய கிரெடிட். பாடம் எடுத்தால் தானாகப் பரீட்சை எழுதலாம் என்பது கிடையாது, பரீட்சைக்குத் தனியாகப் பதிய வேண்டும். அந்த வாரத்தைத் தவறவிட்டால் மொத்த செமஸ்டர் உட்கார்ந்து கேட்டதும் மதிப்பெண் ஆகாது. மதிப்பெண் தலைகீழ்: 1.0 முதல் தரம், 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. நம் கல்லூரி அலுவலகத்தில் 1.3 என்பதைப் பத்துக்கு 1.3 என்று பதிந்துவிடாமல், மாற்று அட்டவணையையும் அந்த ஒப்புதல் தாளோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பேச்சிப்பாறை_தண்ணீர்

சமையல் பத்தி நான் சொல்லலாமா? மாசம் 200 யூரோன்னு அண்ணன் சொன்னது சரிதான், ஆனா அது கடை தெரிஞ்சு வாங்கினா மட்டும்.

ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ இதெல்லாம் மலிவு. பவேரியாவுல கடை ராத்திரி எட்டு மணிக்கு மூடிரும், ஞாயிறு முழுக்க மூடல். சனிக்கிழமை மறந்தா ஞாயிறு ரயில் நிலையக் கடையிலதான் வாங்கணும், விலை கூடுதல். ஒரு தடவைக்கு மட்டும் ஆகுற பிளாஸ்டிக் பாட்டில், டின் வாங்கினா 25 சென்ட் டெபாசிட் பிடிப்பாங்க. காலிப் பாட்டிலை நசுக்காம கடை மெஷின்ல போட்டா திரும்பக் கிடைக்கும். குடிக்கத் தண்ணி வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணி மலைப்பக்கத்து நல்ல தண்ணி. அரிசி, பருப்பு, புளிக்கு பெரிய ஸ்டேஷன் பக்கம் கோதெஷ்ட்ராஸே, லாண்ட்வேர்ஷ்ட்ராஸே தெருக்கள்ல ஆசியக் கடை, துருக்கிக் கடை இருக்கு. பத்துக் கிலோ மூடையா நாலு பேர் சேர்ந்து வாங்குங்க. மத்தியானம் மென்சாங்கிற மாணவர் உணவுக்கூடத்துல மாணவர் அட்டை காட்டிச் சாப்பிடலாம். சில உணவுக்குத் தட்டை எடை போட்டு விலை, பார்த்து அள்ளுங்க.

குக்கர் கொண்டு போறவங்க அடியைப் பாருங்க. அங்க பெரும்பாலும் தட்டையான மின் அடுப்பு, உருண்ட அடி வச்சா சூடு ஏறாது. இன்டக்‌ஷன்னா அலுமினியம் வேலையே செய்யாது, காந்தம் ஒட்டுற அடி வேணும். மின்சாரம் நம்ம மாதிரியே 230 வோல்ட், மிக்ஸி ஓடும். ஆனா மூணு முள் பிளக் பொருந்தாது, அடாப்டர் இங்கேயே வாங்கிருங்க.

முக்கியமா ஒண்ணு. தாளிக்கும்போது அறைக் கதவைத் திறந்து போடாதீங்க. எண்ணெய் புகையுற வரைக்கும் காய்ச்சிக் கடுகும் வத்தலும் போட்டா நடைபாதைப் புகைமணி அடிச்சிரும். சில கட்டடத்துல அது நேரா தீயணைப்புக்குப் போகும், வண்டி வந்தா செலவு உங்க தலையில விழலாம். சமையலறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, எண்ணெய் மிதமான சூட்டுல இருக்கும்போதே கடுகு போட்டு மேல மூடி வைங்க. குளிர்னு ஜன்னலை மாசக்கணக்கா மூடியே வச்சாலும் ஆபத்து. சோறு வடிக்கிற ஆவியும் துணி ஈரமும் சுவர் மூலையில கருப்புப் பூசணமா வரும், அட்வான்ஸ்ல கழிப்பாங்க. காலை மாலை ஹீட்டரைக் குறைச்சிட்டு ஜன்னலை முழுசாத் திறந்து அஞ்சு பத்து நிமிஷம் விடணும்.

கோட்டாறு_கணக்குப்பிள்ளை

திரும்பி வருவதையும் எழுதிவிடுகிறேன், அங்கேதான் பணம் கசியும். மாணவர் டிக்கெட் மாதச் சந்தா. மார்ச்சோடு நிறுத்த மார்ச் 10-க்குள் ரத்து செய்ய வேண்டும், 11 ஆனால் ஏப்ரலுக்கும் பிடிப்பார்கள். முகவரியை நீக்கும் 'அப்மெல்டுங்' கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செய்யலாம். அந்தச் சான்று இருந்தால்தான் காப்பீடும் வானொலிக் கட்டணமும் நிற்கும். வானொலிக் கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான், பகிர்ந்த வீட்டில் வேறொருவர் கட்டினால் அவர் எண்ணை எழுதிப் பதில் போடுங்கள். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். அட்வான்ஸ் திரும்பி வரச் சில மாதம் ஆகலாம்.

வடசேரி_சந்தை

விடுதி விண்ணப்பம் இன்று மதியம் போட்டாச்சு, நான்கு இடம் எழுதினேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலிதான், அதை நாளை பார்க்கிறேன். லண்டன்காரரை பிளாக் செய்தாச்சு அக்கா. கடைசியாக ஒன்று. அம்மா மட்டிப்பழம், மார்த்தாண்டம் தேன், நெய், கருவாடு, கறிவேப்பிலை எல்லாம் கட்டி வைக்கிறேன் என்கிறார்கள். எதையெல்லாம் விடுவார்கள்?

பேச்சிப்பாறை_தண்ணீர்

நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், பால் பொருள், இறைச்சி எதுவும் ஐரோப்பாவுக்குள்ள விட மாட்டாங்க. தேன் ரெண்டு கிலோ வரைக்கும் போகும். கருவாடு மீன் கணக்குல வரும், அதுக்கு இருபது கிலோ வரை அனுமதி. ஆனா காற்றுப் புகாம மூணு உறை போடணும், இல்லைன்னா பெட்டித் துணி முழுக்க மணக்கும்.

பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாங்காய் கூடாது, தாவரச் சான்று கேட்பாங்க. கறிவேப்பிலையை நிழல்ல உலர்த்திப் பொடி பண்ணிருங்க. சான்று இல்லாம விடுற அஞ்சு பழத்துல வாழையும் தேங்காயும் உண்டு, அதனால மட்டி தாராளமாப் போகும். முக்கால் காய்ப் பக்குவத்துல சீப்பை வெட்டித் தாள்ல சுத்திக் கைப்பையில வைங்க, பெட்டியில போட்டா நசுங்கிரும். கொப்பரை வேண்டாம், எண்ணெய் கூடினதால தீப்பிடிக்கும்னு நம்ம விமான நிலையத்துலயே செக்-இன் பெட்டியில இருந்து எடுத்திருவாங்க. தேங்காய் எண்ணெய் பெட்டியில போகலாம், ஆனா குறுகின வாய் பாட்டில்ல ஊத்தாதீங்க. 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சிரும், அங்க அக்டோபர்லயே கட்டியாயிரும். கரண்டி நுழையுற அகல வாய் டப்பாவுல ஊத்தி, மூடிக்கு மேல டேப் சுத்தச் சொல்லுங்க அம்மாட்ட.